திரும்பி வரும் பணத்தின் கணக்கு: முதலீடு தேடும் நிதித்தொழில்நுட்ப நிறுவனங்களும் அவற்றின் நிதி மாதிரியும்

முன்னுரை

வெளியாரிடம் முதலீடு கேட்டுச் செல்லும் எந்தப் புத்தொழில் நிறுவனமும் தன் எதிர்காலத்தை எண்களாக எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. எத்தனை வாடிக்கையாளர் வருவர், ஒவ்வொருவராலும் எவ்வளவு வருமானம் கிடைக்கும், அதற்கு என்ன செலவாகும், கையிலுள்ள பணம் எத்தனை மாதம் தாங்கும், கேட்கும் தொகை எதற்குப் போகும் ஆகிய கேள்விகளுக்கு ஒன்றோடொன்று பிணைந்த விடைகளைத் தரும் விரிதாள் தொகுப்பே நிதி மாதிரி எனப்படுகிறது. ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் தாமே மாறும்படி அது அமைந்திருக்கும். இப்பிணைப்பே அதைச் சாதாரண வரவு செலவுத் திட்டத்திலிருந்து வேறுபடுத்துகிறது.

இத்தகைய மாதிரிகளுக்கான பொது அச்சுகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, பொருளையோ மென்பொருளையோ விற்கும் நிறுவனத்தை மனத்தில் கொண்டு வரையப்பட்டவை. மாவு விற்பவருக்குப் பொருள் கைமாறியதும் வியாபாரம் முடிந்துவிடுகிறது. கடன் கொடுப்பவருக்கோ அன்றுதான் தொடங்குகிறது. பணமே சரக்காகவும் பணமே மூலப்பொருளாகவும் இருக்கும் தொழிலில், விற்பனை பெருகிய மாதமே பணம் மிகுதியாக வெளியேறிய மாதமாகவும் இருக்கும்; அந்த விற்பனை நல்லதா கெட்டதா என்பது பல மாதங்கள் கழித்தே தெரியும். ஆகவே வளர்ச்சியை முதலில் எழுதிவிட்டு இடரைப் பின்னால் கழித்துக்கொள்ளும் வழக்கமான வரிசை இத்துறைக்குப் பொருந்தாது. கொடுத்த பணம் திரும்பி வரும் வழியிலிருந்து தொடங்கி, வளர்ச்சியை அதன் விளைவாகப் பெறும் மாதிரியே நம்பத்தக்கது என்ற கருத்தை, இந்தியாவின் டிஜிட்டல் கடன், பணப்பரிமாற்றம் ஆகிய இரு துறைகளின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மாதிரியின் உறுப்புகள்

நிதி மாதிரியின் நடுவில் மூன்று அறிக்கைகள் உள்ளன. ஒரு காலத்தின் வருமானத்தையும் செலவையும் காட்டுவது இலாப நட்டக் கணக்கு. ஒரு நாளில் நிறுவனத்துக்கு உள்ளதையும் அது பிறருக்குத் தர வேண்டியதையும் காட்டுவது இருப்புநிலைக் குறிப்பு. பணம் உண்மையில் எப்போது வந்தது, எப்போது போனது என்பதைக் காட்டுவது பணப்பாய்வு அறிக்கை. இம்மூன்றுக்கும் அடித்தளமாக எடுகோள் தாள் ஒன்று இருக்கும். வட்டி விகிதம், வாடிக்கையாளரைச் சேர்க்கும் செலவு, வாராக்கடன் விகிதம், ஊதிய உயர்வு போன்று நிறுவனர் ஊகித்து எழுதும் எண்கள் யாவும் அத்தாளில் மட்டுமே இடம்பெற வேண்டும் என்பதும், பிற தாள்களில் சூத்திரங்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்பதும் இக்கலையின் முதல் விதி. ஊகம் எது, கணக்கு எது என்று படிப்பவர் பிரித்தறிய இதுவே வழி; உள்ளிடும் எண்களை நீல நிறத்திலும் சூத்திரங்களைக் கருப்பு நிறத்திலும் எழுதும் வழக்கமும் இந்நோக்கத்தில் எழுந்ததே.

மென்பொருள் நிறுவனம் ஒன்றின் மாதிரியில் இருப்புநிலைக் குறிப்பு பெரும்பாலும் ஒப்புக்கு இருப்பது. கடன் வழங்கும் நிறுவனத்திலோ தலைமைத் தாளே அதுதான். நிலுவையிலுள்ள கடன் தொகையிலிருந்துதான் வட்டி பிறக்கிறது. அந்நிலுவையைத் தாங்கும் கடன்பத்திரங்களிலிருந்தும் வங்கிக் கடன்களிலிருந்தும்தான் வட்டிச் செலவு பிறக்கிறது. ஆகவே வருமானத்தை ஆண்டுக்கு இத்தனை சதவீத வளர்ச்சி என்று நேராக எழுதிச் செல்லும் மாதிரி, நிழலை அளந்து ஆளின் உயரத்தைச் சொல்ல முயல்வதாகும்.

பரிமாற்றத் தொகையும் வருமானமும்

நிதித்தொழில்நுட்பம் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு வருமான முறைகள் அடங்கியுள்ளன. பணப்பரிமாற்ற நிறுவனம் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் சிறு கட்டணம் பெறுகிறது. கடன் நிறுவனம் வட்டியும் செயலாக்கக் கட்டணமும் பெறுகிறது. காப்பீட்டையோ பரஸ்பர நிதியையோ விற்றுத் தரும் தளம் தரகு பெறுகிறது. வங்கிகளுக்கு மென்பொருள் அமைத்துத் தரும் நிறுவனம் சந்தாவோ பயன்பாட்டுக் கட்டணமோ பெறுகிறது. இவற்றில் எது எவ்வளவு என்பதை மாதிரி தனித்தனி வரிகளில் பிரித்துக் காட்ட வேண்டும். ஏனெனில் ஒவ்வொன்றின் இடரும் வேறு.

பரிமாற்றத் துறையில் மிகுதியாக நேரும் பிழை, கைவழியே செல்லும் தொகையை வருமானமாகக் கருதிவிடுவது. ஒரு தளத்தின் வழியே மாதம் ரூ.100 கோடி செல்கிறது என்றும், வணிகர்களிடம் 1.9 சதவீதக் கட்டணம் பெறப்படுகிறது என்றும் வைத்துக்கொண்டால், மொத்தக் கட்டணம் ரூ.1.90 கோடி. அதில் அட்டை வழங்கிய வங்கிக்கும் அட்டை வலையமைப்புக்கும் ரூ.1.60 கோடி போய்விட்டால், நிறுவனத்துக்கு நிற்பது ரூ.30 லட்சமே. முதலீட்டாளர் விலை பேசுவது இக்கடைசி எண்ணை வைத்துத்தான். முதல் எண்ணைத் தலைப்பில் போடும் மாதிரி, படிப்பவரின் நம்பிக்கையை முதல் பக்கத்திலேயே இழந்துவிடுகிறது.

இந்தியச் சூழலில் இதற்கு மேலும் ஒரு கடுமை உண்டு. தேசியப் பணம் செலுத்தும் கழகம் 2016-இல் அறிமுகப்படுத்திய யுபிஐ, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. ஆனால் 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ வழியாகவும் ரூபே டெபிட் அட்டை வழியாகவும் நடக்கும் பரிமாற்றங்களுக்கு எம்டிஆர் எனப்படும் வணிகர் கட்டணம் விதிக்கக் கூடாது என்று அரசு விதித்தது. சிறு வணிகர்களுக்குச் செலுத்தப்படும் ரூ.2,000 வரையிலான தொகைக்கு 0.15 சதவீதம் என்ற அளவில் 2024-25 ஆம் ஆண்டில் அரசு ஊக்கத்தொகை தந்தது. அவ்வாண்டுக்கு இதற்கென ஒதுக்கிய தொகை ரூ.1,500 கோடி. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தைப் பொறுத்து மாறும் இத்தொகையை நிலையான வருமானமாக ஐந்தாண்டுக்கு நீட்டி எழுதுவது பிழை. எனவேதான் யுபிஐ செயலிகள் பரிமாற்றத்தை வாடிக்கையாளரைச் சேர்க்கும் வழியாகவும், கடனையும் காப்பீட்டையும் விற்பதை வருமான வழியாகவும் கருதலாயின. அந்நிலையில் மாதிரியின் முக்கிய எடுகோள் பரிமாற்ற எண்ணிக்கையன்று. நூறு பயனர்களில் எத்தனை பேர் கட்டணம் தரும் சேவைக்கு மாறுவர் என்பதே.

மற்றொரு பிழை, பிறர் பணத்தைத் தன் கையிருப்பாக எழுதுவது. வணிகர்களுக்குச் சேர வேண்டிய தொகையைப் பணத் திரட்டு நிறுவனங்கள் எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கூறின. விண்ணப்பிக்கும்போது ரூ.15 கோடியும், மூன்றாம் நிதியாண்டின் முடிவில் ரூ.25 கோடியும் நிகர மதிப்பு வேண்டும் என்றும் அவை விதித்தன. முன்னதை மதிக்காத மாதிரியில் கையிருப்பு பொய்யாக வீங்கும். பின்னதை மறந்த மாதிரியில் மூன்றாம் ஆண்டில் மூலதனத் தேவை ஒன்று எதிர்பாராமல் முளைக்கும். ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் 2020 ஜூனில் வீழ்ந்தபோது, காப்பாளர் கணக்குகளில் இருப்பதாகக் காட்டப்பட்ட 190 கோடி யூரோ உண்மையில் இல்லை என்பது வெளிப்பட்டது. யாருடைய பணம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி இத்துறையில் எவ்வளவு அடிப்படையானது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒற்றைக் கடனின் கணக்கு

கடன் நிறுவனத்தின் மாதிரியை ஒரேயொரு கடனிலிருந்து கட்டத் தொடங்குவது நல்லது. ஒரு வாடிக்கையாளரால் கிடைக்கும் வருமானத்தையும் அவரால் நேரும் செலவையும் தனியே எடுத்து ஒப்பிடுவதை அலகுப் பொருளாதாரம் என்பர். கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ரூ.20,000 கடன், ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, 12 சம மாதத் தவணைகள். தவணை ஒவ்வொன்றும் சுமார் ரூ.1,891, ஓராண்டில் கிடைக்கும் வட்டி ரூ.2,694. இருபதாயிரத்துக்கு 24 சதவீதம் என்றால் ரூ.4,800 அல்லவா என்ற ஐயம் எழலாம். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டு முழுவதற்குமான சராசரி நிலுவை ஏறத்தாழ ரூ.11,226 மட்டுமே, வட்டி அதன் மேல்தான். வருமானத்தை வழங்கிய தொகையின் மேல் கணக்கிட்டு ஏறத்தாழ இரட்டிப்பாகக் காட்டும் பிழை இங்குதான் பிறக்கிறது.

வட்டியோடு 2 சதவீதச் செயலாக்கக் கட்டணம் ரூ.400 சேர்ந்தால் மொத்த வருமானம் ரூ.3,094. கட்டணத்தின் மேல் பெறப்படும் 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி அரசுக்குரியது. அது வருமானத்தில் சேராது. இனிச் செலவுகள்: நிலுவையில் 80 சதவீதத்தை 13 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கித் திரட்டியிருந்தால் அதற்கு ரூ.1,167, வழங்கிய தொகையில் 4 சதவீதம் திரும்பாமல் போனால் ரூ.800, வாடிக்கையாளரைச் சேர்க்க ரூ.700, அடையாளச் சரிபார்ப்பு, கடன் வரலாற்று அறிக்கை, மின்னொப்பம் ஆகியவற்றுக்கு ரூ.150, வசூலுக்கும் சேவைக்கும் ரூ.300. கூட்டினால் ரூ.3,117 ஆகிறது. இருபத்துநான்கு சதவீத வட்டி வாங்கியும் முதல் கடனில் நிறுவனத்துக்கு ரூ.23 நட்டம், ஊதியமும் வாடகையும் இன்னும் கழிக்கப்படவில்லை.

அதே வாடிக்கையாளர் முதல் கடனை அடைத்துவிட்டு இரண்டாம் கடன் வாங்கினால் சேர்க்கும் செலவான ரூ.700 மறைகிறது, ரூ.677 மிஞ்சுகிறது. ஆனால் வாராக்கடன் 4-லிருந்து 6 சதவீதமானால் முதல் கடனின் நட்டம் ரூ.423 ஆகவும், இரண்டாம் கடனின் மிச்சம் ரூ.277 ஆகவும் மாறிவிடும். இரண்டு எண்கள் இந்நிறுவனத்தின் தலைவிதியை நிர்ணயிக்கின்றன: மறுபடி வருவோர் எத்தனை பேர், திரும்பாத பணம் எவ்வளவு. மாதிரியின் மற்ற நூறு எடுகோள்கள் இவ்விரண்டுக்கும் பின்னால்தான் வருகின்றன. அவற்றுள் எவை முடிவை அதிகம் அசைக்கின்றன என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதை உணர்திறன் பகுப்பாய்வு என்பர். அதன் பயன் இவ்வாறு முதன்மையானதை இனங்காண்பதே.

பருவத் தொகுதியும் வளர்ச்சியின் மறைப்பும்

ஒற்றைக் கடனிலிருந்து முழு நிறுவனத்துக்குச் செல்லும் பாலமாக அமைவது பருவத் தொகுதி முறை. குறிப்பிட்ட மாதத்தில் வழங்கிய கடன்கள் அனைத்தையும் ஒரு தொகுதியாக்கி, அது முதல் மாதத்தில் எவ்வளவு திரும்பியது, மூன்றாம் மாதத்தில் எவ்வளவு தவறியது, பன்னிரண்டாம் மாதத்தில் எவ்வளவு எஞ்சியது என்று தொடர்ந்து பார்ப்பதே அம்முறை. ஒரு பட்டத்தில் விதைத்ததை மறுபட்டத்தின் விளைச்சலோடு கலக்காமல் தனியே போரடித்து அளப்பதைப் போன்றது இது.

இம்முறையை விட்டு மொத்த வாராக்கடன் விகிதத்தை மட்டும் பார்த்தால் வளர்ச்சியே நட்டத்தை மறைத்துவிடும். ஒரு நிறுவனத்தின் நிலுவை ரூ.10 கோடி, 90 நாள்களுக்கு மேல் தவணை தவறியவை ரூ.50 லட்சம் என்றால் விகிதம் 5 சதவீதம். அடுத்த இரு மாதங்களில் புதிய கடன்களால் நிலுவை ரூ.20 கோடியானால், அப்புதிய கடன்கள் 90 நாள் தவறுவதற்குக் காலமே இல்லாததால் விகிதம் 2.5 சதவீதமாகக் குறைந்து தோன்றும். கடனின் தரம் சிறிதும் மாறவில்லை. வகுக்கும் எண் மட்டுமே பெருத்தது. வளர்ச்சி நின்ற அன்று உண்மையான விகிதம் வெளியே வரும். அனுபவமுள்ள முதலீட்டாளர் தொகுதி வாரியான வசூல் அட்டவணையை முதலில் கேட்பதற்குக் காரணம் இதுவே. முதல் தவணையையே கட்டாதவர் எத்தனை பேர் என்ற எண்ணும் அவ்வட்டவணையில் இருக்க வேண்டும். ஏனெனில் அது பெரும்பாலும் வறுமையைவிட மோசடியையே சுட்டுவது.

இழப்புக்கென முன்கூட்டியே எடுத்து வைக்கும் ஒதுக்கீட்டையும் தொகுதிகளே தீர்மானிக்கின்றன. ரூ.250 கோடியும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள வங்கிசாரா நிதி நிறுவனங்கள் பின்பற்ற வேண்டிய இந்தியக் கணக்கியல் நெறி 109, கடன் தவறிய பின் ஒதுக்குவதற்கு மாறாக, தவறக்கூடும் என்ற எதிர்பார்ப்பிலேயே ஒதுக்கச் சொல்கிறது. நல்ல நிலையிலுள்ள கடனுக்கு அடுத்த 12 மாத இழப்பு, இடர் கணிசமாகக் கூடிய கடனுக்கும் ஏற்கெனவே கெட்ட கடனுக்கும் வாழ்நாள் இழப்பு என மூன்று படிகள் அதில் உண்டு. சிறு நிறுவனங்களை இந்நெறி கட்டுப்படுத்தாவிடினும், அம்முறையில் போட்டுப் பார்த்த கணக்கு மாதிரியில் இருந்தால், பிற்காலத்தில் இலாபம் ஏன் சுருங்கியது என்று விளக்க வேண்டிய தேவை எழாது.

வளர்ச்சி உண்ணும் மூலதனம்

முதலீட்டாளர் பணத்தையே கடனாகக் கொடுத்துத் தீர்ப்பது விலையுயர்ந்த வழி. ஏனெனில் பங்கு மூலதனமே எல்லா மூலதனத்திலும் அதிக வருவாயை எதிர்பார்ப்பது. எனவே பங்கு மூலதனத்தைத் தொழில்நுட்பத்துக்கும் ஊதியத்துக்கும் முதல் இழப்பைத் தாங்கும் மெத்தைக்கும் வைத்துக்கொண்டு, கடன் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதியை வங்கிகளிடமிருந்து திரட்டுவது வழக்கம். இதனால் மாதிரிக்குள் இரு வேறு பணத் தேவைகள் ஒன்றின்மேல் ஒன்று நிற்கின்றன. ரூ.6 கோடி கையிருப்பும் மாதம் ரூ.40 லட்சம் நிகரச் செலவும் உள்ள நிறுவனம் 15 மாதம் தாங்கும் என்று எளிய கணக்கு சொல்லும். ஆனால் கடன் நிலுவை மாதம் ரூ.2 கோடி வீதம் உயர்ந்து, அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்தப் பணமாகப் போட வேண்டியிருந்தால் மேலும் ரூ.40 லட்சம் வெளியேறுகிறது. தாங்கும் காலம் ஏழரை மாதமாகச் சுருங்கிவிடுகிறது.

உரிமம் பெறும் வழியும் மூலதனத் தேவையை மாற்றுகிறது. புதிதாகப் பதிவு பெறும் பொதுவகை வங்கிசாரா நிதி நிறுவனத்துக்குச் சொந்த நிகர நிதி ரூ.10 கோடி வேண்டும். அதைத் தவிர்க்க விரும்புவோர் வங்கியோடு கூட்டுச் சேர்ந்து, வாடிக்கையாளரைக் கண்டு தரும் சேவையாளராக மட்டும் இயங்கலாம். அவ்வாறு இயங்கும்போது கூட்டாளி வங்கி கேட்கும் இழப்பு உத்தரவாதத்துக்கு, 2023 ஜூன் 8-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல் கடன் தொகுப்பின் 5 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்தது. அதையும் ரொக்க வைப்பாகவோ, பிணை வைத்த நிரந்தர வைப்பாகவோ, வங்கி உத்தரவாதமாகவோ மட்டுமே தர முடியும். ரூ.100 கோடிக் கடன் திரட்டித் தரும் நிறுவனத்தின் ரூ.5 கோடி வரை முடங்கிக் கிடக்கலாம் என்பது இதன் பொருள். அப்பணத்தைக் கையிருப்பில் காட்டிவிட்டு, அது தொட முடியாத பணம் என்பதைச் சொல்லாமல் விடும் மாதிரிகள் உண்டு.

பணத்தின் அளவைப் போலவே அதன் காலமும் பொருந்த வேண்டும். கொடுத்த கடன் 24 மாதத்தில் திரும்புவதும், வாங்கிய கடன் 6 மாதத்தில் கட்ட வேண்டியதுமாக இருந்தால், இலாபம் ஈட்டும் நிறுவனமும் நின்றுபோகலாம். 2018 செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம் கடன் தவறியபின், குறுகிய காலப் பத்திரங்களை நம்பியிருந்த வங்கிசாரா நிறுவனங்கள் பல, அவற்றைப் புதுப்பிக்க ஆளின்றித் திண்டாடின. தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. பர்மாவின் நெல் விளைநிலங்களின் மேல் கடன் கொடுத்திருந்த நகரத்தார் லேவாதேவிக் கடைகள், 1930-களில் நெல் விலை சரிந்தபோது வசூலாகாத பணத்துக்கு ஈடாக நிலத்தையே ஏற்க வேண்டியதாயிற்று. கீழைப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்களது நிலவுடைமை 1938-க்குள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காயிற்று. ஈடு போதுமானதாக இருந்தும் பணமாக மாறவில்லை. பிணையின் மதிப்பையும் அது ரொக்கமாகும் காலத்தையும் மாதிரி தனித்தனி வரிகளாக வைத்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுதான்.

ஒழுங்குமுறையும் ஓர் எடுகோளே

பிற தொழில்களில் சட்ட மாற்றம் என்பது மாதிரியின் அடிக்குறிப்பில் இடம்பெறுவது. நிதித்தொழில்நுட்பத்தில் அது எடுகோள் தாளில் இடம்பெற வேண்டியது. அண்மைக் கால நிகழ்வுகள் இதை நிறுவுகின்றன. 2022 ஜூன் 20-இல், வங்கிசாரா நிறுவனங்கள் வெளியிடும் பணப்பை, முன்பண அட்டை போன்ற முன்பணக் கருவிகளில் கடன் வரம்பிலிருந்து பணம் ஏற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. அட்டை வடிவில் கடன் தந்துவந்த நிறுவனங்கள் தங்கள் தொழில்முறையையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்கள், கடன் தொகை இடைத்தளத்தின் கணக்கு வழியே செல்லக் கூடாது என்றும், இடைத்தளத்துக்குரிய கட்டணத்தை வாடிக்கையாளரிடம் பெறாமல் கடன் வழங்கும் நிறுவனமே தர வேண்டும் என்றும் விதித்தன. 2023 நவம்பர் 16-இல் பிணையற்ற நுகர்வோர் கடனுக்கான இடர் எடை 100-லிருந்து 125 சதவீதமாக்கப்பட்டது. அதாவது அதே கடனுக்கு வங்கிகள் முன்னைவிடக் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டியதாயிற்று. 2024 ஜனவரி 31-இல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி புதிய வைப்புகளைப் பெறுவதற்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தனிநபர்களுக்கிடையிலான கடன் தளங்களுக்கான விதிகள் இறுக்கப்பட்டன.

இவற்றில் எதையும் எந்த நிறுவனரும் நாள் குறித்து முன்னுரைத்திருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு விதியும் மாதிரியின் எந்த வரியைத் தொடும் என்பதை முன்பே எழுதி வைக்க முடியும். இடர் எடை உயர்ந்தால் வட்டிச் செலவு எத்தனை புள்ளி கூடும், கூட்டாளி வங்கி விலகினால் அடுத்த வங்கியோடு இணைய எத்தனை மாதம் ஆகும், அம்மாதங்களில் ஊதியத்தை எதிலிருந்து கொடுப்பது என்பவை விடை காணக்கூடிய கேள்விகள். ஒரே வங்கி, ஒரே உரிமம், ஒரே வருமான வழி ஆகியவற்றைச் சார்ந்த நிறுவனத்துக்கு இவ்விடைகள் கசப்பாக இருக்கும். அக்கசப்பு விரிதாளில் தெரிவது வங்கிக் கணக்கில் தெரிவதைவிட நல்லது.

மூன்று காட்சிகளும் தலைகீழ்ச் சோதனையும்

வழக்கமான மாதிரிகள் சிறந்தது, இயல்பானது, மோசமானது என மூன்று காட்சிகளைத் தருகின்றன. பெரும்பாலும் மோசமான காட்சி என்பது இயல்பான காட்சியில் வளர்ச்சியைச் சற்றுக் குறைத்ததாகவே இருக்கும். கடன் தொழிலில் நெருக்கடி அவ்வாறு வருவதில்லை. பல எடுகோள்கள் ஒரே நேரத்தில் ஒரே திசையில் சாய்கின்றன. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பின்போது வசூல் குறைந்தது, புதிய கடன் நின்றது, வங்கிகள் கைகளைச் சுருக்கின, ஊதியச் செலவு மட்டும் மாறவில்லை. மோசமான காட்சி இந்த நான்கையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

இதைவிடப் பயனுள்ளது தலைகீழ்ச் சோதனை. என்ன நடந்தால் எவ்வளவு இலாபம் என்று கேட்பதை விட்டு, நிறுவனம் நின்றுபோக எது நடக்க வேண்டும் என்று கேட்பது அது. முன்னர்க் கண்ட எடுத்துக்காட்டில் பாதிக் கடன்கள் புதியவர்களுக்கும் பாதி மறுபடி வருவோர்க்கும் போகின்றன எனில், 4 சதவீத இழப்பில் கடனொன்றுக்குச் சராசரியாக ரூ.327 மிஞ்சும். அம்மிச்சம் முழுவதும் கரைய இழப்பு 5.6 சதவீதத்தைத் தொட்டால் போதும். ஊதியத்தையும் வாடகையையும் சேர்த்தால் அக்கோடு இன்னும் கீழே இறங்கும். முதலீட்டாளருக்குச் சொல்ல வேண்டிய செய்தி இந்த இடைவெளியில் உள்ளது.

மதிப்பீடும் பங்குப் பிரிவினையும்

நிறுவனத்தின் விலையை முடிவு செய்வதில் இத்துறைக்கே உரிய பிணக்கு ஒன்று உண்டு. கடன் நிறுவனங்களைச் சந்தை பொதுவாக அவற்றின் நிகரச் சொத்து மதிப்பின் மடங்காக அளக்கிறது. மென்பொருள் நிறுவனங்களை ஆண்டு வருமானத்தின் மடங்காக அளக்கிறது. நிறுவனர் இரண்டாவதை விரும்புவதும் முதலீட்டாளர் முதலாவதை நினைவூட்டுவதும் இயல்பு. இழப்பை யார் தாங்குகிறார் என்பதே இதற்குச் சரியான உரைகல்: இழப்பு தன் ஏட்டில் விழுமானால் அது கடன் நிறுவனம், கட்டணம் மட்டும் பெற்று இழப்பைக் கூட்டாளி தாங்குவாரானால் அது தொழில்நுட்ப நிறுவனம். இரண்டும் கலந்திருந்தால் வருமானத்தை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே மதிப்பிடுவதே நேர்மையான வழி.

பங்குப் பிரிவினை அட்டவணையும் மாதிரியின் ஒரு தாளே. முதலீட்டுக்கு முன் ரூ.40 கோடி என மதிக்கப்பட்ட நிறுவனம் ரூ.10 கோடி பெற்றால், முதலீட்டுக்குப் பின் மதிப்பு ரூ.50 கோடி, முதலீட்டாளர் பங்கு 20 சதவீதம். ஊழியர்களுக்கென 10 சதவீதப் பங்கை முதலீட்டுக்கு முன்னரே ஒதுக்கிவிட வேண்டும் என்பது நிபந்தனையானால் நிறுவனர்களுக்கு எஞ்சுவது 70 சதவீதம்; அதாவது அவர்கள் பங்கின் உண்மை விலை ரூ.35 கோடிதான். கட்டாயமாகப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்குகளின் வழியே முதலீடு வருவது இந்தியாவில் பெருவழக்கு என்பதால், அவை மாறும் விகிதமும் அடுத்தடுத்த சுற்றுகளின் விளைவும் இத்தாளில் இடம்பெற வேண்டும். நியாய மதிப்புக்கு மேல் பெற்ற தொகையை வருமானமாகக் கருதி விதிக்கப்பட்ட ஏஞ்சல் வரி 2024 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் நீக்கப்பட்டது, இத்தாளிலிருந்த பழைய கவலை ஒன்றைப் போக்கியுள்ளது.

விரிதாளின் ஒழுக்கம்

எடுகோள் சரியாக இருந்தும் சூத்திரம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். 2012-இல் ஜேபி மார்கன் வங்கியின் லண்டன் பிரிவில் 600 கோடி டாலருக்கும் மேற்பட்ட நட்டம் நேர்ந்தபின் அவ்வங்கி வெளியிட்ட அறிக்கை, இடர் அளக்கும் விரிதாளில் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்ததைச் சுட்டியது. அதனால் இடர் உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்தது. பெருவங்கிக்கே நேர்ந்தது சிறு நிறுவனத்துக்கு நேராது என்பதற்கில்லை. இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு மாதமும் சமமாக உள்ளதா, தொகுதிகளின் நிலுவைகளைக் கூட்டினால் மொத்த நிலுவை வருகிறதா, பணப்பாய்வின் இறுதி எண் கையிருப்போடு பொருந்துகிறதா என்ற மூன்று சோதனை வரிகள் எந்த மாதிரியிலும் கட்டாயம் வேண்டும்.

முடிவுரை

தொடக்க நிலையில் எழுதப்படும் ஐந்தாண்டுக் கணிப்புகள் கற்பனையே என்றும், முதலீட்டாளர் பார்ப்பது நிறுவனரைத்தான் என்றும் ஒரு வாதம் உண்டு. தொலைவான ஆண்டுகளின் எண்களைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது; முதல் 18 மாதங்களை மாத வாரியாகவும் பின்னதை ஆண்டு வாரியாகவும் எழுதுவதே தகும். ஆனால் நிதித்தொழில்நுட்ப நிறுவனத்தின் மாதிரியைப் பங்கு முதலீட்டாளர் மட்டும் படிப்பதில்லை. கடன் தரும் வங்கி அதைப் படிக்கிறது. பதிவு கோரும் விண்ணப்பத்தோடு மூன்றாண்டு வணிகத் திட்டத்தைக் கேட்கும் ரிசர்வ் வங்கியும் படிக்கிறது. முதலாமவர் எவ்வளவு வளரும் என்று கேட்பார். மற்ற இருவரும் எப்போது தவறும் என்று கேட்பர். மூவருக்கும் ஒரே விடையைத் தரக்கூடியதே நல்ல மாதிரி.

கடல் கடந்த ஊர்களில் முகவர்களை வைத்து லேவாதேவி நடத்திய நகரத்தார், ஐந்தொகை எனப்பட்ட கணக்குச் சுருக்கத்தைக் கொண்டே தொலைவிலிருந்த கடைகளின் நிலையை அளந்தனர். கொடுத்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்பதே அதன் சாரம். கருவி விரிதாளாக மாறியிருக்கிறது; கேள்வி மாறவில்லை. முதலீடு கேட்டுச் செல்லும் நிறுவனர் தன் மாதிரியின் முதல் தாளில் எழுத வேண்டிய எண் ஐந்தாம் ஆண்டு வருமானமன்று. தன் தொழில் எத்தனை சதவீத இழப்பில் நின்றுபோகும் என்பதும், இன்றைய தொகுதிகள் அக்கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதுமே அங்கு இடம்பெற வேண்டியவை.